பாறைக்களத்தில் உன் மகன் ஆடிய ஆட்டம்

கோலார் கண்டு வந்த என் அருமை மச்சான் மாதையனுக்கு,

கிரிக்கெட்டில் பாலக்கோட்டை ஜெயித்துவிட்டோம். இதை முதலில் சொல்லாமல் நலம் விசாரித்துக்கொண்டிருந்தால் நீ அங்கிருந்தே கல்லெடுத்து எறிவாய். நாளை உன் திதி. படையல் முடிந்ததும் இந்தக் கடிதத்தை ஊர் கேட்க நானே வாசிக்கப்போகிறேன். மூன்றாம் வகுப்புக்குமேல் எனக்குச் சொல்லித்தர வாத்தியாரிடம் சரக்கில்லாததால் பள்ளியை விட்டவன் நான். எழுத்தில் பிழை இருந்தால் அது அவருடையது.

நீ போன பிறகு நம் டீம் ஆடிய கதையை என்னவென்று எழுதுவேன்? பந்து வீச ஆள் இருக்கிறது. ஓடிப் பிடிக்கவும் இருக்கிறது. முயல் விரட்டிய கால்கள், கேட்கவேண்டுமா? பேட்டைக் கையில் கொடுத்தால்தான் வினை. ஒருத்தனாவது வீசி அடிக்கிறானா? தலைக்குமேல் தூக்கி, கேழ்வரகுக் கதிரைத் தடியால் அடிப்பதுபோல நேராகக் கீழே போடுகிறான். காய்ந்த ஏரி மண்ணில் பந்து அவன் காலடியிலேயே படுத்துக்கொள்கிறது. ஓடலாமா வேண்டாமா என்று இவன் யோசிப்பதற்குள் எதிராளி வந்து பொறுக்கி, ஊதித் துடைத்து, குச்சியைச் சாய்த்துவிட்டுப் போகிறான்.

பாலக்கோட்டுக்காரர்களின் கேலி மரியாதையான கேலி. அதுதான் பொறுக்கமுடியாது. "ஏனுங்க, அது பந்துங்க, கேவுரு இல்லீங்க!" என்பான் ஒருத்தன். "வுடுங்க, வூட்டுக்குப் போனா களிக்கு மாவு வேணும்ல அவுங்களுக்கு" என்பான் இன்னொருத்தன்.

நான் சும்மா இருப்பேனா? "எங்க மாதையன் இருந்தா ஒங்க பந்து காரிமங்கலம் சந்தையில போயி வுளுந்திருக்கும்" என்பேன். நீ அடித்த பந்து என் வாயில் முதலில் வண்டிப்பாதை வரை போனது. பிறகு சந்தை வரை போனது. போன வருஷம் நான் சொன்னபோது ஒரு வியாபாரியின் மொச்சைக் கூடையில் விழுந்து, கூடையோடு அவரும் உருண்டார். இல்லையென்று சொல்ல நீ எழுந்தா வரப்போகிறாய்?

இந்த வருஷப் பந்தயம் நம் ஊரில். அதற்கு முந்தின நாள் என் தங்கை காவேரி, உன் சம்சாரம், நீ கோலார் சுரங்க வேலையை விட்டு வந்தபோது மூட்டையோடு கட்டிக்கொண்டு வந்த பேட்டைப் பிடித்தபடி வாசலில் நின்றாள்.

"அண்ணா, இத அந்த மனுசன் தொரைகிட்ட கெஞ்சி வாங்கிட்டு வந்தாரு. நீங்க வருசாவருசம் தோத்துட்டு வந்து மூலையில சாத்தறீங்க. இந்தத் தடவையும் தோத்தீங்கன்னா, இது எனக்குத் துணி தொவைக்கிற கட்டை. சோப்புக் கெடைக்காத காலம், அடிச்சுத்தான் அழுக்கு எடுக்கணும்."

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. துவைகல் பக்கத்தில் அதற்கு இடம்கூடப் பார்த்து வைத்திருந்தாள். பேட் போனால் டீம் போச்சு மச்சான். யுத்த காலத்தில் இன்னொன்றுக்கு எங்கே போவது? தோல் பந்தே கிடைக்காமல், சைக்கிள் கடைக்காரர் பழைய டியூபைக் கிழித்து இறுக்கிச் சுற்றிக் கொடுத்த ரப்பர் பந்தில்தான் ஆட ஏற்பாடு.

நல்ல மழை பெய்து ஏரி நிறைந்துவிட்டது. கேட்கவே உனக்கு மனசு குளிருமே! ஆடுகிற இடமெல்லாம் தண்ணீர். அதனால் கரைக்குமேல் நாம் கேழ்வரகு அடிக்கிற பாறைக்களத்துக்கு ஆட்டம் மாறியது. "எவனும் கதிரடிக்கிற மாதிரி தட்டக்கூடாது, வீசித்தான் அடிக்கணும்" என்று நான் உத்தரவு போட்டேன். உத்தரவில் குற்றமில்லை. ரப்பர் பந்து பாறையில் பட்டு மார்புயரம் எகிறியது. நம்மவர்கள் வீசிய பேட்டெல்லாம் அதன் அடியில் காற்றை விசிறிவிட்டு வந்தன. வரிசையாக அவுட். ஜெயிக்க இன்னும் ஓட்டம் பாக்கி.

கடைசியாக உன் மகன் பெருமாள் இறங்கவேண்டும். அவன் எழுந்திருக்கவில்லை.

"மாமா, நான் போவலீங்க."

"ஏன்டா?"

"நீங்க சொல்ற அப்பா மாதிரி என்னால ஆவாதுங்க. இங்கிருந்து சந்தைக்கு எவனால அடிக்க முடியும்? எனக்குத் தட்டத்தான் வருது."

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "ஒங்கப்பன் மட்டும் என்னத்தடா பண்ணான்? அவனும் தட்டத்தான்டா தட்டுனான்!"

வாய் தவறி வந்துவிட்டது மச்சான். கூட்டமே என்னைத் திரும்பிப் பார்த்தது.

"அப்பாவுமா?" என்றான் பெருமாள்.

"அவன்தான்டா ஆரம்பிச்சதே! தொரைங்க ஆடறத வேலிக்கு வெளிய நின்னு பாத்தவன். கிட்டப் போயா கத்துக்கிட்டான்?"

கூட்டத்தில் நின்ற காவேரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "என்னண்ணா, இத்தன நாளா வேற கதை சொன்னீங்க?" பெருமாளோ வாய்விட்டுச் சிரித்தான். நீ போனபின் அவன் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. பேட்டை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

பந்து பாறையில் பட்டு எழும்பியது. இவன் பேட்டைத் தலைக்குமேல் தூக்கி, கதிரடிக்கிற அதே அடியைப் போட்டான். பந்து மறுபடி பாறையில் மோதி நேராக மேலே போனது பார், ஆகாயக் கப்பலை அண்ணாந்து பார்ப்பதுபோல் அத்தனை பேரும் பார்த்தார்கள். ஒருத்தன் பிடித்துவிட்டு "அவுட்டு!" என்று குதித்தான். நடுவராக நின்ற தபால்காரர், "பாறையில பட்டுத்தானுங்க மேல போச்சு, செல்லாதுங்க" என்றுவிட்டார். அதற்குள் இவன் ஓடி முடித்திருந்தான். எட்டி நின்றால் பந்து அவர்கள் முன்னால் விழுந்தது. கிட்டே வந்தால் தலையைத் தாண்டியது. எங்கே நிற்பது என்று பாலக்கோட்டுக்காரர்களுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

காவேரி சும்மா இருந்தாளா? "ஏனுங்க, கேவுரு பறக்குதுங்களா?" என்று போட்டாள் ஒரு சத்தம்!

கடைசித் தட்டு எல்லார் தலைக்கும் மேலே எழும்பி, சரிவில் உருண்டு, நிறைந்த ஏரியில் போய் விழுந்தது. அவர்கள் வேட்டியை மடித்துக் கட்டுவதற்குள் நாம் ஓடியே ஜெயித்துவிட்டோம். "தட்டடா" என்று யோசனை சொன்னவன் நானே என்று ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது. உனக்கும் அப்படியே எழுதுகிறேன்.

பேட்டுக்குக் காவேரி விளக்கெண்ணெய் பூசி வைத்திருக்கிறாள். நாளைப் படையலில் உன் புது வேட்டிக்குப் பக்கத்தில் அது இருக்கும். அவள் இப்போது துணி துவைப்பது பழைய கட்டையில்தான்.

மச்சான், ஒரு வாக்குத் தருகிறேன். உன் பந்து இனியும் சந்தை வரை போகும், அதை நிறுத்த என்னால் ஆகாது. ஆனால் நீ தட்டியதையும் உன் மகனுக்குச் சேர்த்தே சொல்வேன். அவன் ஆட்டத்தை மட்டும் நடந்தது நடந்தபடி சொல்வேன். என் ஆயுசில் முதல்முறையாக, கூட்டிச் சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

உன் காவேரிக்கு அண்ணன்,
பாலக்கோட்டை ஜெயித்தவனுக்குத் தாய்மாமன்,
முனுசாமி