தியானத்தில் ஊதிய சங்கு

அன்புள்ள அம்மாவுக்கு,

முட்டுவலி தேவலையா? அப்பா இருமல் மருந்தை ஒழுங்காகக் குடிக்கிறாரா? பாலக்காட்டு வெயிலில் நான் நன்றாக வெந்து, நலமாக இருக்கிறேன்.

ஹாஸ்டலில் காலையில் யோகா உண்டு. வரும் எண்ணத்தை விரட்டாமல் வேடிக்கை பார்க்கச் சொல்கிறார் மாஷ் (இங்கே வாத்தியாரை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்). சாப்பிடும்போதும் அதையே செய்கிறேன். சாம்பாரில் பருப்பு இல்லையென்று வரும் கோபத்தை வேடிக்கை பார்ப்பதற்குள் தட்டு காலியாகிவிடுகிறது.

செவ்வாய்க்கிழமை ஒரு சின்ன விஷயம், பயப்படாதே. இன்னொரு சேட்டை செய்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவேன் என்று வார்டன் சொல்லியிருந்தார். அப்படியும், எல்லோரும் தியானத்தில் இருந்தபோது, போனில் பதிந்து வைத்திருந்த நம் எஸ்டேட் பேக்டரிச் சங்கைப் பாய்க்கு அடியிலிருந்து ஊதவிட்டேன். மொத்தக் கூட்டமும் துள்ளி எழுந்தது. சிரிக்கக் காத்திருந்த எனக்குத்தான் எழ முடியவில்லை.

“ஏந்தம்பி, சங்கை ஊதிட்டு நீ மட்டும் கண்ண மூடி என்ன பண்றே?” என்றார் மாஷ்.

“அம்மா கூடைய மாட்டிக்கிட்டு கொழுந்தெடுக்கப் போகுது மாஷ். கண்ணத் தொறந்தா போயிரும்.”

யாரும் சிரிக்கவில்லை. மாஷ் பாய்க்கு அடியிலிருந்து போனை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டார்.

“வார்டங்கிட்ட நான் பேசிக்கறேன். இந்த மாசம் பூரா பாயெல்லாம் நீதான் விரிக்கோணும்.”

போன் ஞாயிற்றுக்கிழமைதான் திரும்பக் கிடைக்கும், அதனால்தான் கடிதம். பக்கத்து வீட்டு மோனிஷா அக்கா இந்தப் பக்கம் வரும்போது தேயிலைத்தூளும் பூண்டு ஊறுகாயும் கொடுத்துவிடு. சங்கை அழிக்கச் சொல்லிவிட்டார்கள். ஒருநாள் காலையில் புதிதாகப் பதிந்து அனுப்பு. இனி காதில் மாட்டி நான் மட்டும் கேட்பேன். சங்கு ஓய்ந்ததும் நிறுத்திவிடாதே. அப்பாவை நீ திட்டுவதும் கொஞ்சம் வரட்டும்.

பாய் விரிக்க நேரமாகிவிட்டது.

சதீஷ்