மூன்றாவது மாடியில் என்ன குழம்பு?

முத்தியால்பேட்டை, புதுச்சேரி
ஞாயிறு, பூசை முடிந்து வந்து

அன்புள்ள லூக்காவுக்கு அம்மா ஆசீர்வாதத்தோடு எழுதுவது. மாதா புண்ணியத்தில் என் முட்டியைத் தவிர இங்கே மற்றதெல்லாம் சௌக்கியம், அங்கே பிரான்சில் நீயும் மருமகளும் குழந்தையும் எப்படி இருக்கிறீர்கள், ராத்திரி தூங்குகிறாயா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா? கேட்ட வீடியோவை அம்மா அனுப்பவில்லையே என்று கோபத்தில் இருப்பாய். எடுக்காமல் இல்லையடா. அரக்குப் பட்டுப்புடவை கட்டி நாற்காலியில் உட்கார்ந்தேன், உன் தங்கை சோஃபி செல்போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாங்களும் கறுப்பர்கள்தான், என் மகன் யாரையும் இனம் பார்த்துப் பேசமாட்டான் என்று உன் கட்சிக்காரர்கள் பிரெஞ்சில் எழுதிக் கொடுத்ததைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன், பாதியிலேயே நின்றுவிடுகிறது, எனக்குள்ளே வேறு கேள்வி ஓடுகிறது. மா, கேமராவைப் பாத்துப் பேசு மா, யோசிக்காத என்று சோஃபி கத்தினாள். யோசிக்காமல் எப்படிப் பேசுவது, நீயே சொல்.

நீ பேசியதுதான் வாட்ஸ்அப்பில் இந்தத் தெரு முழுக்க வந்துவிட்டதே. துணை மேயர் என்று, புதுப்பித்த குடியிருப்பைத் திறந்துவைக்க உன்னைக் கூப்பிட்டால், மைக்கைப் பிடித்துக்கொண்டு, மூன்றாவது மாடி செனகல்காரர்கள் சமைத்தால் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் படியேற வேண்டும், அந்த ஜனங்களே அப்படித்தான் என்றாய், எதிரே இருந்தவர்களும் சிரித்தார்கள். இப்போது பதவியை விடு என்று அங்கே கொடி பிடிக்கிறார்கள். நீ போனில் அழுதபோது நான் ஒன்றுதான் கேட்டேன், அந்த மூன்றாவது மாடி வீட்டம்மா பேர் என்னடா என்று. தெரியாது மா, இப்ப அதுவா முக்கியம் என்று வைத்துவிட்டாய்.

பதவியை விடுவதா வேண்டாமா என்று எனக்கும்தான் தெரியவில்லை, அதனால் பார்க்கிறவர்களையெல்லாம் கேட்டேன். எதிர்வீட்டுக் கமலக்கண்ணன் இங்கே ஒரு கட்சியில் ஓடியாடுகிறவன் அல்லவா, ஒரு வார்த்தைக்கெல்லாம் ராஜினாமா பண்ணா நம்மூரு சட்டசபையில ஃபேன் மட்டும்தான் சுத்தும் ஆன்ட்டி, ஒரு பார்தோன் சொல்லி மன்னிப்பு கேட்டுட்டு கம்முனு இருக்கச் சொல்லுங்க, அடுத்த வாரம் வேற ஒண்ணு வந்துடும் என்றான். சிரித்துவிட்டேன், ஆனால் மனசு ஒப்பவில்லை. உன் பெர்னார் மாமாவைக் கேட்டால், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த மனுஷர், பட்டென்று சொல்லிவிட்டார். விட்டுடணும் பொலெத், அதிகாரி வாயில அந்த மாதிரி வந்துட்டா கீழ நிக்கிறவன் சல்யூட் அடிப்பான், நம்ப மாட்டான் என்றார்.

அதோடு விட்டேனா, எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. நீங்கள் செனகலில் டக்கார் பக்கமெல்லாம் வேலை பார்த்தவராச்சே அண்ணே, அந்த ஊர்க்காரர்கள் அப்படி என்னதான் சமைப்பார்கள், படிக்கட்டு வரைக்கும் வீசுமா என்று கேட்டேன். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, அந்த வயசுக்கே போய்விட்டார். மீனும் சோறும் ஒண்ணா வேகவைப்பாங்க பொலெத், அதுல காய்ஞ்ச மீனைக் கிள்ளிப் போடுவாங்க, நம்ம கருவாடுதான், வாசனை வந்தா எனக்கு நம்ம வீட்டு ஞாபகம் வந்துடும் என்றார்.

கருவாடாம் லூக்கா! அந்த வீட்டில் அன்றைக்கு அதைத்தான் வைத்தார்களோ என்னவோ, எனக்குத் தெரியாது. ஆனால் நீ முதன்முதலில் அங்கே போனபோது, நெத்திலிக் கருவாடு வறுத்ததற்கு வீட்டுக்கார மதாம் ஜன்னலையெல்லாம் திறந்துபோட்டு, நாற்றம் பிடித்த ஜனங்கள் என்று சொன்னாளே, அது எனக்குத் தெரியும். சட்டையை முகர்ந்து முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போறேன் மா என்று என்னிடம் அழுதாயே. அடப்பாவி, அதே சட்டையைக் கழற்றி இன்னொருத்திக்கு மாட்டிவிட்டாயே. எனக்கு உன்மேல் கோபம் கோபமாக வருகிறது, அதைவிட அதிகமாக அழுகை வருகிறது.

மாமாவும் கமலக்கண்ணனும் சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனால் இரண்டு பேரும் உன்னைப் பற்றியே பேசுகிறார்கள். நான் அந்த வீட்டம்மாவை நினைத்துப் பார்க்கிறேன். வீடு ஒதுக்குவதுதானே உன் வேலை, நாளைக்கு அவளுக்குக் கூரை ஒழுகினாலும் பெரிய வீடு வேண்டுமென்றாலும் உன் மேசைக்கு முன்னால்தான் வந்து நிற்க வேண்டும். துணியை முகர்ந்து பார்த்துவிட்டுத்தானே கிளம்புவாள்? ஆகையால் நீ படியேறிப் போ, போட்டோக்காரன் ஒருத்தனும் கூட வேண்டாம். நீ பேசியது தப்பு என்று சொல், இனிமேல் உன்னிடம் கூசாமல் வர முடியுமா என்று கேள். முடியும் என்று அவள் மனசாரச் சொன்னால் இரு. முடியாது என்றாலும், கதவே திறக்காவிட்டாலும், அன்றைக்கே ராஜினாமாவை எழுதிக் கொடுத்துவிடு. அதில் எனக்கு ஒரு அவமானமும் இல்லை, பட்டுப்புடவையில் உட்கார்ந்து பொய் சொல்வதுதான் அவமானம்.

மாதா உன்னைக் கைவிடமாட்டாள். மருமகளுக்கு என் அன்பு, குழந்தைக்கு முத்தம். குளிருக்குக் காதை மூடிக்கொள். கடைசி வீட்டு ஹேமலதா வியாழக்கிழமை விமானம் ஏறுகிறாள், இந்தக் கடிதத்தோடு பெரிய மார்க்கெட்டில் பார்த்துப் பார்த்து வாங்கிய நெத்திலிக் கருவாடு இரண்டு பொட்டலம் கொடுத்தனுப்புகிறேன். ஒன்றில் உன் பெயர் எழுதியிருக்கிறேன். இன்னொன்றில் எழுதவில்லை, அந்த அம்மா பேரைக் கேட்டு நீயே எழுது.

உன் வரவையே எண்ணியிருக்கும் அம்மா,
பொலெத்