திரியாய் வளைவில் கட்டிய சிவப்புத் துணி

பாலையூற்று,
திருகோணமலை.
09.02.2025

அன்பின் அஞ்சலோவுக்கு,

போனில் கதைத்தால் மூன்று வசனத்துக்குள் சண்டை வருகிறது, எழுதினால் கோபம் ஆற நேரம் கிடைக்கும் என்று சொன்னது நீங்கள். சரி, எழுதுகிறேன். என் எழுத்தைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. உங்களுக்குக் கடைசியாய்க் கடிதம் எழுதியது கலியாணத்துக்கு முன்பு. அப்போது எழுத்தும் குண்டு, நானும் குண்டு.

மாமி சுகம். உங்கள் தங்கை வீட்டில்தான் நிற்கிறா. மகன் பரிசுக்குப் போய் நாலு வருஷமாயிற்று என்று பூசைக்கு வருகிற எல்லோருக்கும் சொல்லுகிறா.

நான் வேலை செய்கிற சுற்றுலா விடுதியில் எனக்குப் புது வேலை. புல்மோட்டை வீதியில் லொறிகள் உரசிக்கொண்டு போகிறதாம், சைக்கிள் ஓடச் சத்தமில்லாத வழி வேண்டும் என்று வெள்ளைக்காரர் கேட்கிறார்கள். முதலாளி றஹ்மா அக்கா என்னைப் பார்த்து, "நீதானே ஒரு இடத்தில இருக்கமாட்டாய், போய் வழி பார்த்திட்டு வா" என்றா. உங்கள் சைக்கிளைத்தான் எடுத்தேன். சீற்றை இறக்கிவிட்டேன், கோபிக்க வேண்டாம்.

யுத்தத்தில் செத்த வெள்ளைக்காரரின் சேமக்காலையைத் தாண்டி உள்ளே திரும்பினால், நிலாவெளி உப்பளத்தின் பின்பக்கம் ஒரு பாதை இருக்கிறது. அதாலே போய், இறக்கக்கண்டிப் பாலம் கடந்து, கும்புறுபிட்டி, குச்சவெளி. பிறகு வயலுக்குள்ளால் திரியாய்க் கிராமம். மலையில் அந்தப் பழைய கற்றூண்கள் வட்டமாய் நிற்கிறதே, அதடியில் போய் இருந்து பாணும் வாழைப்பழமும் சாப்பிட்டேன். திரும்பி வீட்டுக்கு வந்தால் வீடு சின்னதாய்த் தெரிந்தது. படுக்கவும் மனமில்லை, இருக்கவும் மனமில்லை. நாளைக்கு எந்தப் பக்கம் போகலாம் என்றுதான் யோசனை.

அன்புடன்,
சீலா


பரிஸ்
02.03.2025

என் சீலாவுக்கு,

கார்ட் வந்துவிட்டது! பத்து வருஷம் இங்கே இருக்கத் தந்திருக்கிறார்கள். கையில் வாங்கியதும் அந்த அலுவலக வாசலிலேயே நின்று அழுதுவிட்டேன். பின்னால் நின்ற ஆபிரிக்கக்காரன் முதுகில் தட்டினான்.

உம்மைக் கூப்பிட விண்ணப்பம் போட்டுவிட்டேன். இரண்டு அறை உள்ள வீடும் சொல்லி வைத்தாயிற்று. ஒன்றை மட்டும் விளங்கிக்கொள்ளும். இது அகதிக் கார்ட். இதை வைத்துக்கொண்டு நான் ஊரில் கால் வைக்க ஏலாது, வைத்தால் பறித்துவிடுவார்கள். நீர்தான் வரவேண்டும். வேறு வழி இல்லை.

உமது சைக்கிள் புதினத்தை வாசித்துச் சிரிப்புத்தான் வந்தது. நான் இங்கே முதுகில் சாப்பாட்டுப் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீடு வீடாய் மழையிலும் பனியிலும் மிதித்துச் சாகிறேன். நீர் அங்கே ஆசைக்கு மிதிக்கிறீராம். இங்கே வந்தால் உம்மைச் சைக்கிளைத் தொட விடமாட்டேன். மெற்றோவில் ராணி மாதிரிப் போகலாம்.

கொழும்பில் விசாவுக்குக் கைரேகை கொடுக்கத் திகதி வரும். பாஸ்போட்டைத் தேடி எடுத்து வையும்.

உமது,
அஞ்சலோ


பாலையூற்று
30.03.2025

அன்பின் அஞ்சலோவுக்கு,

கார்ட் வந்த செய்தி கேட்டு மாமி மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினா. எனக்கும் பெரிய நிம்மதி. இனி ஒருவரும் உங்களைப் பிடித்து அனுப்ப மாட்டார்கள் என்று அன்றைக்குத்தான் ஒழுங்காய் நித்திரை கொண்டேன். பாஸ்போட் அலுமாரியில் பத்திரமாய் இருக்கிறது.

இனி என் கூத்தைக் கேளுங்கள். வழி தெரிய வேண்டுமே என்று, திரும்புகிற இடமெல்லாம் மரத்தில் சிவப்புத் துணி கிழித்துக் கட்டினேன். பலகை நட்டால் ஆயிரம் பேரிடம் அனுமதி கேட்க வேண்டும், துணிக்கு யாரிடம் கேட்பது? மாதாவைக் கும்பிடுகிற வேதக்காரி எனக்கு மூளை வேலை செய்யவில்லை. திரியாய் வளைவில் நான் கட்டிய மரத்தடியில் சூலம் இருந்திருக்கிறது. யாரோ நேர்த்தி வைத்துக் கட்டியிருக்கிறார்கள் என்று நினைத்துச் சனம் தாங்களும் கட்டத் தொடங்கிவிட்டது. அந்த மரத்தில் இடம் இல்லாமல் அடுத்த மரம், அதற்கடுத்த மரம் என்று குளக்கட்டு வரைக்கும் சிவப்பாய்க் கிடக்கிறது!

ஜேர்மன்காரர் இரண்டு பேர் அந்தத் துணிகளைப் பார்த்து ஓடி ஓடி, குளக்கட்டில் பொங்கிக்கொண்டிருந்த ஆட்களுக்கு நடுவில் போய் நின்றிருக்கிறார்கள். அவர்களை இருத்திப் பொங்கல் கொடுத்து, நெற்றியில் திருநீறும் பூசி அனுப்பியிருக்கிறார்கள். றஹ்மா அக்கா என்னைக் கிழிகிழியென்று கிழித்தா. ஆனால் அந்த இரண்டு பேரும் தாங்கள் இலங்கையில் கண்டதில் நல்ல வழி அதுதான் என்று எழுதிப்போட, இப்போது எல்லோருக்கும் அந்தப் பிழையான வழிதான் வேண்டுமாம். கூட்டிக்கொண்டு போவதும் நான்தான்.

வளைவில் கடை வைத்திருக்கிற சிவாஜினியிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "நீங்கள் கட்டி ரெண்டாம் நாள் என்ர மகளுக்குக் காய்ச்சல் விட்டது அக்கா. பிறகு ஆர் சும்மா இருப்பினம்? அது சரி, உங்கட நேர்த்தி என்ன? மனுசனிட்டப் போறதுக்கோ?"

ஓம் என்றேன். வேறென்ன சொல்வது? ஆனால் வீடு வரும்வரை மனம் ஒரு நிலையில் இல்லை.

சீலா


பரிஸ்
18.05.2025

சீலா,

பதினான்காம் திகதி கொழும்பில் கைரேகைக்கு உம்மைக் காணவில்லை என்று ஏஜென்ட் சொல்லுகிறான். போன் எடுத்தால் நீர் தூக்கவில்லை. முதலில் பயந்தேன், பஸ் ஏதும் பிரண்டுவிட்டதோ என்று. தங்கையைக் கேட்டால், "அண்ணி சைக்கிளில வெருகல் பக்கம் போனவவாம்" என்கிறாள்.

வெருகலில் என்ன இருக்கிறது? அந்தத் திகதிக்காக நான் எத்தனை பேருடைய காலைப் பிடித்தேன் என்று உமக்குத் தெரியுமா? நான் இங்கே ஒரு நாளும் விரும்பி மிதிக்கவில்லை. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் சாப்பாட்டை நீட்டும்போது, சீலா வந்தால் எல்லாம் சரி என்றுதான் நினைப்பேன். வேறு எதை நினைத்து நான் இந்தக் குளிருக்குள் இருந்தேன்?

காய்ச்சல், வருத்தம் ஏதும் என்றால் சொல்லும். இன்னொரு திகதி எடுக்கலாம். உண்மையை எழுதும்.

அஞ்சலோ


பாலையூற்று
01.06.2025

அன்பின் அஞ்சலோவுக்கு,

வருத்தம் ஒன்றுமில்லை. அன்று கொழும்பு பஸ் எடுக்கத்தான் வெளிக்கிட்டேன். விசாக் கடதாசிப் பைலைப் பையில் வைத்து, பையைக் கரியரில் கட்டி, பஸ் நிலையத்தடியில் சைக்கிளை விட்டுவிட்டு ஏறுவதாய் எண்ணம். கொண்டக்டர் "கொழும்பு, கொழும்பு" என்று கூப்பிட்டான். நான் சைக்கிளை விட்டு இறங்கவில்லை. அடுத்த சந்தியில் திரும்பலாம் என்று நினைத்தேன், திரும்பவில்லை. கிண்ணியாப் பாலத்தில் திரும்பலாம் என்று நினைத்தேன். மூதூரில் தேத்தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பலாம் என்று நினைத்தேன். கச்சான் காற்று முகத்தில் அடித்து ஆளைத் தள்ளுகிறது, நான் மிதித்துக்கொண்டே போகிறேன். வெருகல் ஆறு வந்த பிறகுதான் கால் நின்றது. முருகன் கோயில் வாசலில் இருந்து அழுதேன். ஒரு மனுசி ஒன்றும் கேட்காமல் மோர் தந்தா.

உங்களில் அன்பில்லை என்று மட்டும் நினைக்க வேண்டாம். நாலு வருஷமாய்க் கடையிலும் கோயிலிலும் பஸ்ஸிலும் என்னிடம் எல்லோரும் கேட்பது, "எப்ப போறீர்?" என்ற ஒன்றைத்தான். நான் இங்கே இருக்கிறவளாய் ஒருவர் கண்ணிலும் படவில்லை, என் கண்ணிலும்தான். இப்போது திரியாயில், வெருகலில், என்னைக் கண்டால் "வாங்கோ" என்கிறார்கள். சிவாஜினிக்கு ஓம் என்றேனே, அது பொய். எனக்குப் போக விருப்பமில்லை என்று அந்த நிமிஷம்தான் எனக்கே தெரிந்தது.

நான் வரவில்லை, அஞ்சலோ. நீங்கள் வர ஏலாது என்று தெரிந்துகொண்டுதான் இதை எழுதுகிறேன். எழுதியதைத் திரும்ப வாசித்தேன். ஒரு வரியும் வெட்டமாட்டேன்.

சீலா


பரிஸ்
29.06.2025

அன்பின் சீலாவுக்கு,

முதல் கிழமை முழுக்க அறைக்குள் தனியே இருந்து உம்மை ஏசினேன். சத்தம் கேட்டுப் பக்கத்து அறை முனீப் வந்து கதவைத் தட்டினான். பிறகு ஏச்சை விட்டுவிட்டு வேலைக்குப் போனேன். கோபம் போய்விட்டது என்று எழுதினால் பொய்.

விண்ணப்பத்தை நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டேன். இரண்டு அறை வீட்டையும் வேண்டாம் என்று சொன்னேன். அம்மாவுக்கு நானே சொல்லுகிறேன். நீர் சொன்னால் உம்மைத்தான் ஏசுவா. பிரிவு என்று கடதாசியில் எழுத எனக்கு விருப்பமில்லை, உமக்குத் தேவையென்றால் மறுக்கவும் மாட்டேன்.

கடிதம் எழுதும். அம்மாவின் சுகம், உமது சுகம், கோயில் திருவிழா, எதையும் எழுதும். வீதிகளை மட்டும் எழுத வேண்டாம். போன செவ்வாய்க்கிழமை முதுகில் பெட்டியோடு மிதித்துக்கொண்டு போனேன். நான் மூதூர் தாண்டிவிட்டேன், காற்று எதிரே அடிக்கிறது, இன்னும் கொஞ்சத்தில் ஆறு வந்துவிடும் என்று நினைத்துக்கொண்டு சிக்னலில் நிற்காமல் போய்விட்டேன். கார் ஒன்று முட்டுகிற மாதிரி வந்து நின்றது. இறங்கி வந்தவன் எங்கே போகிறாய் என்று கத்தினான். வெருகலுக்கு என்று சொல்லிவிட்டேன்.

அஞ்சலோ