லீக்ஸ் பாத்திக்கு வராத தண்ணீர்

வெள்ளிக்கிழமை, இரவு.

வெலிமடையில் வாங்கி நேற்று நட்ட லீக்ஸ் நாற்றுகள் இன்று மத்தியானம் தலைசாய்ந்துவிட்டன. மோட்டர் ஓடியது, டைமரில் விளக்கும் எரிந்தது. ஆனால் பாத்திக்குத் தண்ணீர் விடும் கரண்ட் வால்வு திறக்கவில்லை. வழக்கமாக வரும் 'டக்' சத்தமே இல்லை. போன லீவில் வந்தபோது என் வீட்டுக்காரர் பூட்டித் தந்தது அது. இன்று அவருக்கு வேலை இல்லை என்பதால் கட்டாருக்கு போன் எடுத்தேன்.

"மோட்டர நிப்பாட்டு மாலா. வால்வு மேல இருக்கிற கொயில, அந்தக் கம்பிச் சுருள கழட்டி, டைமரப் போட்டுட்டு, அந்த ஓட்டைக்குள்ள ஸ்க்ரூ டிரைவர விடு. காந்தம் மாதிரி இழுக்குதா?"

"ஷாக் அடிக்காதாங்க?"

"அடிக்காது. கொறஞ்ச கரண்ட்டுதான்."

பயந்துகொண்டே விட்டேன். வெடுக்கென்று இழுத்தது.

"அப்ப கொயில் நல்லாத்தான் இருக்கு. உள்ள ஏறி எறங்குற கம்பி சிக்கியிருக்கும், பாரு."

டைமரை அணைத்துவிட்டுத் திருகிக் கழற்றினேன். சின்ன விரல் அளவுக் கம்பி, அதைச் சுற்றிச் சேறு இறுகிக் கிடந்தது. கழுவித் துடைத்து, மறுபடி பூட்டி, மோட்டரையும் டைமரையும் போட்டேன். 'டக்' என்றது. தண்ணீர் சீறிக்கொண்டு வந்தது.

"கேக்குதாங்க?"

"போன அங்கயே பிடிச்சிக்க, புள்ள" என்றார்.

பாத்தி நனைந்து வடிகால் கானில் தண்ணீர் ஓடிய பிறகும் நான் வால்வை மூடவில்லை.

வைக்கும் முன் கேட்டார்: "நாளைக்கு எத்தன மணிக்குத் தண்ணி விடுவ?"

"நீங்க அங்க வேலையில இருந்து சாப்பிட வார நேரத்துக்கே விடுறேன்" என்றேன்.