அவன் விழுங்காத மாத்திரைகள்

மார்ச் 4, செவ்வாய்

கடையில் இன்று பதினோரு கண்ணாடி. ஒரு பெரியவருக்கு வலது லென்ஸை இடது பக்கம் பொருத்திக் கொடுத்துவிட்டேன். போட்டுப் பார்த்துவிட்டு, "ஏம்மா, தரை எதுக்கு மேல வருது?" என்றார். கடை முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். பத்தொன்பது வருடமாக லென்ஸ் தேய்க்கிறேன், இப்படி ஒரு தப்பு செய்ததில்லை.

காரணம் எனக்குத் தெரியும். காலையில் தம்பி வந்து போனான். எல்லோரும் அவனைக் கூப்பிடுவது ஒல்லி என்றுதான். ஆபரேஷனுக்கு அப்புறம் மாத்திரையால் முகம் பந்து போல உப்பியபோதும் அந்தப் பேர் மாறவில்லை. இன்று பார்த்தால் கன்னம் வற்றி, தாடை எலும்பு தெரிகிறது. "பழைய ஆளா ஆயிட்டேனாக்கா?" என்று கண்ணாடி முன் நின்று கேட்டான்.

சந்தோஷப்பட வேண்டியதுதானே? என் சிறுநீரகத்தை அவனுக்குக் கொடுத்துப் பதினாலு மாதம். அவன் நன்றாக இருக்கத்தானே கொடுத்தேன். பிறகு ஏன் நாள் முழுக்க அந்தத் தாடையே கண்ணில் நிற்கிறது?

மார்ச் 6, வியாழன்

வேலை நேரத்தில் மயங்கி விழுந்துவிட்டான். அவன் வேலை வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுப்பது. ஓட்டியது மூன்றாவது நாளாக வரும் ஒரு பெண். பக்கத்து சீட்டிலிருந்த இவன் அப்படியே அவள் தோள்மேல் சாய்ந்துவிட்டானாம். பாவம், இரண்டு காலாலும் பிரேக்கை மிதித்து நிறுத்தி, அழுதுகொண்டே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கிறாள். கண் விழித்ததும் இவன் சொன்ன முதல் வார்த்தை: "பிரேக் நல்லா போட்டாங்க."

ரத்த அழுத்தம் கிடுகிடுவென்று இறங்கியிருந்தது. ஒரே வாந்தி. எங்கள் இரண்டு பேரையும் பார்த்த அதே சிறுநீரக டாக்டரம்மா ஓடி வந்தார்.

"மாத்திரையெல்லாம் ஒழுங்கா போடறீங்களா?"

"போடறேன் டாக்டர்."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நானும் தலையாட்டினேன். மாத்திரை அட்டையை நானே ஞாயிறுதோறும் எண்ணிப் பார்ப்பேனே.

மார்ச் 7, வெள்ளி

கிரியேட்டினின் 3.9. போன வருடம் முழுக்க 1.2. இந்த எண் ஏற ஏற சிறுநீரகம் சாகிறது என்று அர்த்தம். இதைவிடச் சுருக்கமாக யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மார்ச் 8, சனி

டாக்டரம்மா தனியாகக் கூப்பிட்டார். ரத்தத்தில் மருந்தின் அளவு பார்த்திருக்கிறார்கள். இல்லை. குறைவு என்றுகூட இல்லை, இல்லவே இல்லை.

"உங்க தம்பி மாத்திரையைத் தொட்டே ரொம்ப நாள் ஆகுதும்மா."

அவர் பொறுமையாகத்தான் சொன்னார். நம் உடம்பின் ஒவ்வொரு உயிரணுவிலும் ஓர் அடையாளம் இருக்கிறதாம். ரத்தத்தில் சுற்றும் வெள்ளணுக்கள் வழியில் படுகிற எல்லாவற்றையும் தடவிப் பார்த்து, நம் ஆளா வெளி ஆளா என்று பிரிக்கின்றன. கூடப்பிறந்தவளின் சிறுநீரகமானாலும் அவற்றுக்கு அது வெளி ஆள்தான். அவை பெருகாமல் பார்த்துக்கொள்ள இரண்டு மாத்திரை. மூன்றாவது ஸ்டீராய்டு.

"அது வேற ஒண்ணுமில்ல, உடம்பு தானா சுரக்கற ஹார்மோனோட நகல்தான். கிட்னிக்கு மேல தொப்பி மாதிரி ஒரு சுரப்பி உட்கார்ந்திருக்கும். அதுல வர்ற ஹார்மோன் வெள்ளணுக்களை அடக்கி வைக்கும். ரத்த அழுத்தம் விழாமப் பார்த்துக்கறதும் அதுதான். வெளியிலேர்ந்து தினம் மாத்திரையா வந்தா, அந்தச் சுரப்பி நமக்கென்ன வேலைன்னு தூங்கிடும். திடீர்னு மாத்திரையை நிறுத்தினா வெளியிலேர்ந்தும் இல்ல, உள்ளேர்ந்தும் இல்ல. இத்தனை நாள் எப்படியோ இழுத்துப் பிடிச்சிருக்கு, கிட்னியும் கெட ஆரம்பிச்சதும் தாங்கல. அதான் சுருண்டு விழுந்திருக்காரு."

நான் கேட்டது பைத்தியக்காரத்தனமான கேள்வி: "என் கிட்னியை எடுத்தப்ப அந்தத் தொப்பியையும் எடுத்தீங்களா?"

"இல்லம்மா. அதை உங்ககிட்டயே விட்டுட்டோம்."

பஸ்ஸில் வரும்போது இடுப்பைத் தொட்டுக்கொண்டே வந்தேன். உள்ளே ஒரு தொப்பி. கீழே தலை இல்லை.

மார்ச் 9, ஞாயிறு

ஒத்துக்கொண்டான். நாலு மாதமாம். முதலில் ஸ்டீராய்டை மட்டும் விட்டிருக்கிறான். ஒன்றும் ஆகவில்லை என்றதும் மற்றதையும்.

"ஏன்டா?"

கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். லைசென்ஸ் புதுப்பிக்கப் போன இடத்தில் கிளார்க் பழைய போட்டோவையும் இவன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இது நீங்க இல்லையே, உரிய ஆளை வரச் சொல்லுங்க" என்றாராம். வரிசையே சிரித்ததாம். காரணமில்லாமல் அழுகை வருமாம், காரணமில்லாமல் கோபம் வருமாம். "எனக்கே என்னைத் தெரியலக்கா."

நான் இரங்கவில்லை. இரங்க முடியவில்லை. "ஞாயித்துக்கிழமை நான் எண்ணறப்ப அட்டை காலியா இருக்குமே, அது எப்படி?"

கட்டிலின் கால்மாட்டில் நின்ற அம்மா பேசினாள்.

"நான்தான் தினம் பிரிச்சு சிங்க்ல போட்டேன்."

நான் அவள் பக்கம் திரும்பினேன்.

"அவன் அழுதான்டி. பெத்தவளால பார்க்க முடியல."

"நான் அறுத்துக்கிட்டுக் கிடந்தேனே. அதைப் பார்க்க முடிஞ்சுதா?"

கத்திவிட்டேன். நர்ஸ் வந்து வெளியே அனுப்பினாள். நல்லதுதான். உள்ளே இருந்தால் இன்னும் என்னென்ன கேட்டிருப்பேனோ. சாயங்காலம் தவறாமல் போன் பண்ணிக் கேட்பேனே, மாத்திரை போட்டானாம்மா, போட்டானாம்மா என்று. "போட்டான், போட்டான், உனக்கு வேற வேலையே இல்ல" என்பாளே. நாலு மாதம்! வாய் கூசவில்லையா?

மார்ச் 12, புதன்

மூன்று நாளாக ஊசி வழியே ஸ்டீராய்டு ஏற்றுகிறார்கள். வேண்டாம் என்று எதைக் கொட்டினானோ அதுவே, நூறு மடங்கு. என் கணவர்தான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். நான் வராந்தாவோடு சரி. ஆபரேஷன் பேச்சு வந்தபோதே, "எனக்குப் பயமா இருக்கு. ஆனா உன் உடம்பு, நீதான் முடிவு பண்ணணும்" என்று சொன்ன மனிதர், அப்போதே சொன்னேனே என்று இன்றுவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டு ஆறியிருப்பேன்.

மார்ச் 15, சனி

4.6.

மார்ச் 20, வியாழன்

ஊசியால் சிறுநீரகத்தில் துளி எடுத்துப் பரிசோதித்த படத்தை டாக்டரம்மா கம்ப்யூட்டரில் காட்டினார். நான்தான் கேட்டேன். பார்த்தே ஆக வேண்டும் போல இருந்தது.

வெளிர் சிவப்பில் மெல்லிய குழாய்கள், அடுக்கடுக்காக. அதுதான் நான். அவற்றைச் சுற்றியும் சுவரைத் துளைத்துக்கொண்டும் கருநீலப் புள்ளிகள், கடுகைக் கொட்டியது மாதிரி. அது அவன்.

"இவ்வளவா?" என்றேன்.

"பெருகிடுச்சும்மா. இதுபோக, ரத்தத்துல எதிர்ப்புப் பொருளும் உண்டாகியிருக்கு. உங்க அடையாளத்துக்குன்னே செஞ்சது."

எனக்கென்றே செய்தது. நாற்பத்தோரு வயதில் எனக்காகவே ஒருவன் செய்தது இதுதான்.

இதில் யார்மேல் கோபப்படுவது? அந்தப் புள்ளிகள் அவற்றின் வேலையைத்தான் செய்கின்றன. அவனைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் என்னைத் தின்கின்றன. அம்மாவும் அப்படித்தானே நினைத்தாள்— இல்லை. அம்மாவுக்குக் கண் இருக்கிறது, காது இருக்கிறது. டாக்டர் சொன்னதைக் கேட்டவள் அவள். மன்னிக்க மாட்டேன்.

ஏப்ரல் 2, புதன்

இன்னும் கடுமையான மருந்து. வெள்ளணுக்களை மொத்தமாகத் துடைத்தெடுப்பது. குளிர் தூக்கிப்போட்டு, பல் கிட்டி, இரண்டு நாள் காய்ச்சல். அவன் அறைக்குள் முகத்தை மூடிக்கொண்டுதான் போக வேண்டும். எனக்கு அது வசதியாகப் போயிற்று.

என் கையைப் பிடிக்க வந்தான். நான் போர்வையைச் சரிசெய்வது போல நகர்த்திவிட்டேன். அவனுக்குத் தெரியும். தெரியட்டும்.

ஏப்ரல் 11, வெள்ளி

6.8. சிறுநீர் குறைந்துவிட்டது. "முயற்சி எல்லாம் பண்ணியாச்சு" என்றார் டாக்டரம்மா. அந்தக் குரல் எனக்குப் புரியும். லென்ஸில் விரிசல் விழுந்தபின் வாடிக்கையாளரிடம் நானும் அந்தக் குரலில்தான் பேசுவேன்.

ஏப்ரல் 21, திங்கள்

டயாலிசிஸ் ஆரம்பம். வாரத்தில் மூன்று நாள், நாலு நாலு மணி நேரம்.

ஏப்ரல் 22, செவ்வாய்

செத்த சிறுநீரகத்தை எடுப்பார்களா என்று இவரைக் கேட்கச் சொன்னேன். தொந்தரவு கொடுக்காதவரை உள்ளேயே விட்டுவிடுவார்களாம்.

ஆக எனக்கும் இல்லை, அவனுக்கும் இல்லை. இன்று வேலைக்குப் போகவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். எழுந்திருக்க ஒரு காரணமும் தோன்றவில்லை. எழுதுவதற்கும்தான். எதற்கு எழுதுகிறேன்?

மே 9, வெள்ளி

அம்மா கடைக்கே வந்துவிட்டாள். இரண்டு மாதம் கழித்து முகத்தைப் பார்க்கிறேன். சட்டென்று வயசாகிவிட்டது. வாடிக்கையாளர் நாற்காலியில் நுனியில் உட்கார்ந்து, "நான் கொடுக்கறேன்டி" என்றாள்.

"எதை?"

"கிட்னியை. போன தடவை நீ சின்னவ, உன்னுது நல்லதுன்னு சொல்லிட்டாங்க. இப்ப என்னுதை எடுத்துக்கட்டும். டாக்டர்கிட்ட நீ வந்து சொல்லு. நான் சொன்னா அந்தம்மா மூஞ்சியே பார்க்க மாட்டேங்குது."

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "நாளைக்குப் போகலாம்" என்று வந்துவிட்டது.

ஜூன் 3, செவ்வாய்

அம்மாவின் ரத்தத்தையும் தம்பியின் ரத்தத்தையும் கலந்து பார்த்த முடிவு வந்தது. ஆகாது.

அம்மாவுக்குப் புரியவில்லை. பெற்றவளுடையது எப்படிச் சேராமல் போகும் என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். டாக்டரம்மா மேசையில் இரண்டு பேனாக்களை வைத்துக் காட்டினார். "அடையாளத்துல பாதி அம்மாகிட்டேர்ந்து வரும், பாதி அப்பாகிட்டேர்ந்து. உங்ககிட்ட ரெண்டு பங்கு இருக்கு. ஒண்ணு பையனுக்கு வந்திருக்கு, இன்னொண்ணு பொண்ணுக்கு. பொண்ணோட பங்கைத்தான் பையன் உடம்பு எதிரின்னு பழகிடுச்சு. அது மறக்காதும்மா. அந்தப் பங்கு உங்ககிட்டயும் இருக்கே."

அம்மா அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக, "என்னையும் இவதான்னு நினைச்சுக்கும்ங்கறீங்க" என்றாள்.

"ஆமாம்மா."

படியில் இறங்கும்போது அம்மாவுக்குக் கால் தடுமாறியது. பிடித்துக்கொண்டேன். பிடிக்காமல் என்ன செய்வது? தெருவில் வைத்து அழுதாள். "நான் கொன்னுட்டேன்டி, நான் கொன்னுட்டேன்டி." ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஆட்டோ பிடித்து வீட்டில் விட்டேன்.

ஜூன் 4, புதன்

இறந்தவர்களிடமிருந்து பெறும் பட்டியலில் அவன் பேரைப் பதிந்திருக்கிறார்கள். அந்த எதிர்ப்புப் பொருள் இருப்பதால் பொருந்துவது அபூர்வமாம். எத்தனை வருடம் என்று கேட்டேன். டாக்டரம்மா பதிவுத் தாளில் முத்திரை குத்தினார்.

ஜூன் 29, ஞாயிறு

ஒல்லி வந்தான். நிஜமாகவே ஒல்லியாக. கையில் டயாலிசிஸ் ஊசிக்காகக் கட்டுப் போட்டிருந்தது. இவர் இரண்டு டம்ளரில் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, எதையோ வாங்க வேண்டும் என்று வெளியே போய்விட்டார். அவனுக்கு அரை டம்ளர்தான் ஊற்றியிருந்தார். ஒரு நாளைக்கு இவ்வளவு தண்ணீர்தான் என்று கணக்கு.

டம்ளரைத் தொடாமல் தள்ளி வைத்தான். பிறகு அவன், "உன்னுதைத் தொலைச்சிட்டேன்க்கா" என்றான்.

"தொலையல. உள்ளதான் இருக்கு. வேலை செய்யல, அவ்வளவுதான்."

சொன்னபிறகுதான் தெரிந்தது, மார்ச் மாதத்துக்கு அப்புறம் அவனிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை இது என்று. அவன் சிரிக்கப் பார்த்தான். அது அழுகையாகப் போனது. தண்ணீர் கணக்கில் கண்ணீரைச் சேர்ப்பார்களோ என்னவோ. நான் எழுந்து போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கோபம் போய்விட்டதா என்றால், இல்லை. அதோடேயே உட்கார்ந்தேன்.

கிளம்பும்போது கேட்டான்: "டயாலிசிஸ் முடிஞ்சா கை காலெல்லாம் வெலவெலத்துப் போகுது, வீட்டுக்கு ஓட்டிட்டு வர முடியல. நீ வண்டி கத்துக்கறியா? காலைல ஒரு மணி நேரம்."

"எனக்கு வேற வேலை இல்ல பாரு" என்றேன்.

ஜூலை 14, திங்கள்

வண்டியைச் சுவரில் இடித்துவிட்டேன். மெதுவாகத்தான். "மத்தவங்களைத் திட்டுவேன், உன்னைத் திட்ட முடியல, அதான் நீ கத்துக்க மாட்டேங்கறே" என்கிறான்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

அம்மா தினம் போன் பண்ணுகிறாள். எடுக்கிறேன். இரண்டு வார்த்தை. அதற்குமேல் வரவில்லை.

செப்டம்பர் 13, சனி

கடையில் பாதி நாள் லீவு சொல்லிவிட்டு டயாலிசிஸ் முடியும் நேரத்துக்குப் போனேன். நர்ஸ் அவன் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தாள். முகம் வெளுத்திருந்தது. பட்டியலைப் பற்றி அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சொல்ல ஒன்றும் இல்லை.

சீட்டைச் சாய்த்து, பெல்ட்டை நானே மாட்டிவிட்டேன். முதல் திருப்பம் தாண்டுவதற்குள் தூங்கிவிட்டான். வாய் லேசாகத் திறந்திருந்தது. மேட்டுச் சிக்னலில் வண்டி நின்றுபோனது. பின்னால் நாலைந்து ஹாரன். அவனை எழுப்பக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டு சாவியைத் திருப்பினேன். மறுபடி நின்றது.

"கிளட்ச்சை மெதுவா விடுக்கா," என்றான், கண்ணைத் திறக்காமல். "கத்தறவங்க கத்தட்டும்."

மெதுவாக விட்டேன். நகர்ந்தது.