பட்டியலில் இல்லாத நிறுத்தம்

ஜன. 6, செவ்வாய்

பனி. ஜன்னல் கண்ணாடியைத் துடைத்தால் மறுபடி பனி. விடியல் 4.50, கிருஷ்ணகிரியில் கம்பெனி பஸ் ஏறினேன். நான்காம் ரூட். இன்றைய வேலை ஒன்றே ஒன்று: ஜிபிஎஸ் பதிவில் இந்த பஸ் தினமும் குந்தாரப்பள்ளியில் ஏன் நிற்கிறது?

கிளம்பும்போது அம்மா வாசலில். திண்டுக்கல்லை விட்டு முப்பது வருஷம், பேச்சு மட்டும் மாறவில்லை. "பஸ்ல ஒக்காந்து தூங்குறதுக்கு ஒரு டாக்டர் பட்டமாடி?" நானும் எத்தனை தடவைதான் சொல்வது. ஓசூர் ஆலைக்கு ஒன்பது பஸ். குறைந்த தூரம், குறைந்த நேரம், எல்லாரும் ஆறு மணி ஷிஃப்டுக்குள் போய்ச் சேர வேண்டும். அதற்கு வழி போடுவதுதான் என் கணக்கு. பெங்களூர் பிசினஸ் ஸ்கூலில் இதோடு நான்காம் வருஷம். "அத டிரைவருகிட்ட கேட்டாச் சொல்லிருவாரே" என்றாள்.

பஸ்ஸுக்குள் முப்பது பெண்கள், முப்பதும் தூக்கம். எனக்கும் கண் சொருகியது. பாதித் தூக்கத்தில் ரோடெல்லாம் கோடு, ஊரெல்லாம் புள்ளி. நான் மேலே எங்கேயோ மிதந்துகொண்டு புள்ளிகளை நகர்த்திக்கொண்டிருக்கிறேன். சுகமாக இருந்தது.

5.05. நின்றது. டிரைவர் முனிராஜ் அண்ணன் இன்ஜினையே அணைத்துவிட்டார்.

"ஏண்ணா?"

"ஸ்வல்ப இரிம்மா. அவங்க வீட்டுக்காரரு வரணும்." கர்நாடக எல்லையில் தளி ஊர்க்காரர். கன்னடம் பாதி, தமிழ் பாதி.

வெளியே யூனிஃபார்ம் கோட்டுடன் ஒரு பெண். தோளில் துண்டு சுற்றிய குழந்தை. நான்கு நிமிடம். பர்கூர் பக்கமிருந்து அரசு பஸ் வந்தது. ஒருவர் குதித்து இறங்கி ஓடிவந்தார். குழந்தை அந்தத் தோளிலிருந்து இந்தத் தோளுக்கு. விழிக்கவே இல்லை. "பால் காய்ச்சி வெச்சிருக்கேன்," என்றாள். "ம்," என்றார். அவ்வளவுதான். ஏறிவிட்டாள், பஸ் கிளம்பிவிட்டது.

என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். சத்யா. கணவர் மாதேஷ், பர்கூரில் கல் பாலிஷ் போடும் இடத்தில் நைட் வாட்ச்மேன். குழந்தை தன்ஷு, ரெண்டு வயது. வீட்டில் வேறு யாரும் இல்லை.

"நீங்கதான் பஸ்ஸப் பத்திப் படிக்கறவங்களா?" என்று சிரித்தாள். "பஸ்ல படிக்க இன்னா இருக்குது?"

சிரிக்க முடியவில்லை. போன சனிக்கிழமை கம்பெனி ட்ரான்ஸ்போர்ட் ஆபீசருக்கு நான் அனுப்பிய படத்தில் இந்த இடத்துக்குச் சிவப்பு வட்டம். 'அனுமதியில்லாத நிறுத்தம், தினமும்.' வட்டம் அழகாக வந்திருக்கிறது என்று இரண்டு தரம் எடுத்துப் பார்த்தேன் வேறு. அவளிடம் சொல்லவில்லை.

ஜன. 7, புதன்

வெயில் வரப் பத்து மணி. தலைவலி.

ஆபீசருக்கு போன். வட்டத்தை எடுத்துவிடலாமா, அது கொஞ்சம் அவசரப்பட்டுப் போட்டது... முடிக்கவே விடவில்லை. "சூப்பர்மா! உங்க செவப்பு வட்டந்தான் நேத்து மீட்டிங்ல முதல் ஸ்லைடே!"

வாங்க வேண்டியது: சளி மாத்திரை, பேனா, அப்பாவுக்கு வேஷ்டி (பொங்கல்). எதுவும் வாங்கவில்லை. மொட்டை மாடியில் சும்மா படுத்திருந்தேன். மேகம் ஒரே பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. எங்கேயும் நிற்க வேண்டியதில்லை அதற்கு.

ஜன. 9, வெள்ளி

சந்தை நாள். குந்தாரப்பள்ளியில் ரோடு முழுக்க மாட்டு வண்டி, ஆட்டு லாரி, டீ, சத்தம்.

டிரைவர் சீட்டுக்குப் பின்னால் புது நோட்டீஸ்: பட்டியலில் உள்ள இடம் தவிர வேறெங்கும் நிறுத்தக்கூடாது. முனிராஜ் அண்ணன் வேகத்தைக் குறைத்தார், கதவைத் திறந்தார். சத்யா குழந்தையோடு நின்றிருந்தாள். மாதேஷ் வரும் பஸ் சந்தை நெரிசலில் எங்கேயோ.

"ஏறும்மா, நிக்க முடியாது. நேத்தே மெமோ குடுத்துட்டாங்க."

"ரெண்டே நிமிசம்ண்ணா!"

கதவு மூடியது. கொஞ்ச தூரம் பக்கத்திலேயே வேகமாக நடந்து வந்தாள், அப்புறம் நின்றுவிட்டாள். பின்னால் இரண்டு பேர் விழித்துப் பார்த்துவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்கள்.

எழுந்து போய் அண்ணனிடம் சொன்னேன், நான்தான் எழுதிக் கொடுத்தேன் என்று. சூளகிரி தாண்டும்வரை ரோட்டையே பார்த்து ஓட்டினார். அப்புறம், "படிச்சவங்க பண்ணது, படிச்சவங்களே பாத்துக்கங்க," என்றார்.

வெட்கம். வேறு வார்த்தை இல்லை. சாப்பிடவில்லை.

ஜன. 10, சனி

சத்யா வீட்டுக்குப் போனேன். சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன். தன்ஷுவுக்கு இட்லி ஊட்டிக்கொண்டே பேசினாள்.

"உங்களுக்கு அது நாலு நிமிசங்க்கா. எனக்கு வேல. ட்ரெய்னீ நானு. ரெண்டு நாள் லீவு ஆயிருச்சு, இன்னொண்ணு போட்டா பேர எடுத்துருவாங்க. பொங்கலு வரைக்கும் எங்க நாத்தனா வந்து இருக்காங்க. அதுக்கப்புறம்?"

அந்த 'அதுக்கப்புறம்' வீடு வரை கூட வந்தது.

மாலையில் லேப்டாப்பில் ஜிபிஎஸ் பதிவைத் திறந்தேன். சும்மா பார்த்துக்கொண்டே இருந்தபோது ஒன்று தட்டுப்பட்டது. பஸ் குந்தாரப்பள்ளியிலிருந்து கிளம்பிய நேரம்தானே மாதேஷ் வந்து இறங்கிய நேரம்! நான் கழித்துக்கட்ட நினைத்த பிழைக்குள் அவர் இரண்டு மாதமாகத் தினமும் ஓடி வந்துகொண்டிருக்கிறார். வரிசையாக எடுத்து அடுக்கினேன். பத்து நாளில் ஒன்பது நாள் 5.12க்குள் வந்துவிடுகிறார்.

அப்படியானால் பஸ் காத்திருக்கவே வேண்டாம். இப்போது இதற்கு அடுத்துப் போகும் ஏரிக்கரை ஊருக்குள் முதலில் போய் அங்கே மூன்று பேரை ஏற்றிக்கொண்டு, அப்புறம் இங்கே வரட்டும். அதே தூரம். அதே டீசல். 5.12க்கு வந்து சேரும்.

சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். "என்னடி ஆச்சு ஒனக்கு?" என்று அம்மா வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

ஜன. 12, திங்கள்

ஆபீசர் கெட்டவர் இல்லை. படத்தை நன்றாகவே பார்த்தார். "வழிய மாத்தறது ஒண்ணும் பிரச்சன இல்லம்மா. ஆனா அது ஸ்டாப்புன்னு ஆகணும்னா கொறஞ்சது ரெண்டு பேரு ஏறணும். ரூல். அந்தப் பொண்ணு ஒருத்திதானே?"

ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. என் கழுத்தில் கம்பெனி கொடுத்த தற்காலிக பாஸ். பஸ்ஸில் ஏறுகிறவள்தானே நானும்?

ஃபாரம் வாங்கினேன். ஏறும் இடம்: கிருஷ்ணகிரி. அடித்தேன். குந்தாரப்பள்ளி என்று எழுதினேன். பாஸ் ஆறு மாதம் செல்லும். அதற்குள் தன்ஷுவுக்கு பால்வாடி, அல்லது மாதேஷுக்குப் பகல் ஷிஃப்ட், ஏதாவது ஒன்று.

வெளியே வந்து கைடு மேடத்துக்கு போன். முழுவதும் கேட்டார்கள். பெருமூச்சு இந்தப் பக்கம் வரை கேட்டது.

"நீ அளக்கறவ. நீயே பட்டியல்ல போய் நின்னுட்டா அந்த ரூட்ட ஆய்வேட்டுல வெக்க முடியாது. தெரியுந்தானே?"

"தெரியும் மேடம்."

"இருக்கறதுலயே நல்ல அத்தியாயம் அது. வேற ரூட் எடுத்து மொதல்லேர்ந்து பண்ணணும். ஒரு வருஷம் தள்ளிப்போகும்."

"தெரியும் மேடம்."

பிறகு, "ஸ்வெட்டர் போட்டுக்கோ," என்று வைத்துவிட்டார்கள்.

பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து அழுதேன். நான்கு மாத வேலை. அத்தியாயத் தலைப்பு கூட வைத்திருந்தேன். பக்கத்தில் ஒரு அம்மா தெலுங்கில் ஏதோ கேட்டார், வாழைப்பழம் கொடுத்தார். சாப்பிட்டேன்.

ஜன. 19, திங்கள்

பொங்கல் முடிந்து முதல் நாள். புது வழியும் இன்றிலிருந்துதான்.

வீட்டிலிருந்து ஸ்கூட்டியில் பன்னிரண்டு கிலோமீட்டர். கை விறைத்துவிட்டது. அப்பா பின்னாலேயே பைக்கில் வந்து, நான் போய்ச் சேர்ந்ததைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

மாதேஷ் 5.09. பஸ் 5.12. தன்ஷு தோள் மாறினாள். நாங்கள் இரண்டு பேரும் ஏறினோம். முனிராஜ் அண்ணன் என்னைப் பார்த்து, "பர்ரீ டாக்டர், வாங்க வாங்க," என்றார். பட்டம் அவர் கொடுத்துவிட்டார்.

சத்யா ஓசூர் வரை என் தோளில் சாய்ந்து தூங்கினாள். நான் தூங்கவில்லை. சூளகிரி மலைப் பக்கம் மெல்ல வெளுத்தது. அத்தியாயம் போனது இன்னும் வலிக்கிறது. சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டும்.

ஜன. 20, செவ்வாய்

குந்தாரப்பள்ளி, 5.20. நின்றுகொண்டே எழுதுகிறேன். கையெழுத்து கோணல்.

5.12க்கு பஸ் வந்துவிட்டது. மாதேஷ் வரவில்லை. பத்தில் அந்த ஒரு நாள், இரண்டாம் நாளே வந்து நிற்கிறது. வாய்க்குள் எண்ணினேன். கதவு ஒரு நிமிடம்தான் திறந்திருக்கும். சத்யா ரோட்டைப் பார்த்தாள், பஸ்ஸைப் பார்த்தாள், ரோட்டைப் பார்த்தாள்.

"குடு," என்றேன்.

"அக்கா, நீங்க போவணுமே..."

"எனக்கு யாரும்மா லீவு போடப்போறாங்க? ஏறு நீ!"

ஏறிவிட்டாள். கதவு மூடியது. சிவப்பு விளக்கு பனிக்குள் போயே போய்விட்டது.

இன்றைய பதிவு: நேரம் 5.13. ஏறியவர் 1.

தன்ஷு கனமாக இருக்கிறாள். விழிக்கவில்லை. பர்கூர் பக்கம் ஒரு வெளிச்சம் வருகிறது, லாரியா பஸ்ஸா, இன்னும் தெரியவில்லை.