சாவி வைத்திருக்கும் ராணி

செல்லம்,

சாப்பாடு ஹாட்பாக்ஸில் இருக்கிறது. பதினோரு மணிக்குக் குழாய் ரிப்பேர்காரர் வருவார். சமையலறையில் ஒழுகுவதைக் காட்டு.

போன வாரம் நீ படிக்கிற நாவல்களைக் குப்பை என்றேன். படிக்காமல்தான் சொன்னேன். அதற்குப் பிறகு மூன்றையும் மருந்துக்கடை கவுன்டருக்கு அடியில் வைத்துப் படித்து முடித்துவிட்டேன்.

காதல் கதையில் அவன் கதவை உடைத்துக்கொண்டு வருகிறான், இவள் உருகுகிறாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்படி எவனாவது வந்தால் நீ போலீஸுக்குப் போன் போடு. பள்ளிக்கூடக் கதையில் பதினாறு வயதுப் பிள்ளைகள் பேசுகிற பேச்சில் அரண்டுபோய், தலைவலிக்கு மாத்திரை கேட்டவருக்கு இருமல் மருந்தை எடுத்து நீட்டினேன். அவரே சிரித்துத் திருப்பிக் கொடுத்தார்.

ஆனால் டிராகன் கதையில்தான் ஆடிப்போனேன். மகளின் அறைச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு திரிகிறாளே ஒரு ராணி, அவள் வருகிற பக்கத்தில் பென்சிலால் "எங்கம்மாவேதான்" என்று எழுதியிருக்கிறாய். நின்ற இடத்திலேயே இடுப்பைத் தொட்டுப் பார்த்தேன். இருந்தது.

பரீட்சை நேரத்தில் உன்னிடமிருந்து பிடுங்கிய உன் அறைச் சாவி இப்போது ஃபிரிட்ஜ் மேல் இருக்கிறது. எடுத்துக்கொள்.

அம்மா

பி.கு: அடுத்த பாகத்தில் அந்த ராணி திருந்துகிறாளா? சொல்லிவிடாதே, புத்தகத்தைக் கொடு.